பொண்ணு மெட்டல் வாசிக்கணும்னா எந்த ஆம்ப் வாங்குறது?

இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆபீஸில் ஆணி அதிகம், தள்ளிப் போய்விட்டது. புனேவில் எங்கள் தமிழ்க் குடும்ப வட்டத்தில் இந்த ஒரு வருடத்தில் மட்டும் நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், பையன் எலக்ட்ரிக் கிடார் வேணும்ங்கிறான். மெட்டல் வாசிக்கப் போறானாம். அதுக்கு ஏதோ ஆம்ப் வேற வேணுமாம். விலை கம்மியா நல்லதா ஒண்ணு சொல்லுங்க." நாலு பேருக்கும் ஃபோனில் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக வைக்கிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் வித்வான் இல்லை. பொட்டி தட்டிப் பிழைக்கிற ஆசாமி. வீட்டில் பதினாறு வயசில் ஒரு பெண் இருக்கிறாள், இரண்டு வருடமாக மெட்டல் வாசிக்கிறாள். அவளுக்கு ஒயர் சுற்றுவது, கடை கடையாக ஏறி இறங்குவது, பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துப் பேசிச் சமாளிப்பது எல்லாம் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் கட்சி இதுதான். முதல் ஆம்ப் விஷயத்தில் நம்ம ஆட்கள் தப்பான இடத்தில் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். கிடாருக்கு யோசித்து யோசித்துச் செலவு செய்வார்கள். ஆம்ப் என்று வந்தால், கிடாரோடு ஒரே அட்டைப்பெட்டியில் சேர்ந்து வருகிற குட்டிப் பெட்டியே போதும் என்பார்கள். சினிமாப் பாட்டு, பாப் என்றால் அது ஓரளவு தாங்கும். மெட்டலுக்குத் தாங்காது.

ஏன் தாங்காது?

வீணைக்குக் குடம் எப்படியோ, மெட்டல் கிடாருக்கு ஆம்ப் அப்படி. அந்தக் கரகரப்பு, ஒரு சுரத்தை அடித்தால் அது இழுத்துக்கொண்டே நிற்பது, எல்லாம் ஆம்ப்பில்தான் பிறக்கிறது. கிடாரிலிருந்து வரும் சின்ன மின்சமிக்ஞையை ஆம்ப் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்குகிறோம். அலையின் மேலும் கீழும் வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் புதிய மேல்சுரங்கள் கிளம்புகின்றன. இதுதான் டிஸ்டார்ஷன்.

இந்தச் சத்தத்தின் பூர்வீகம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். ப்ளாக் சபாத்தின் டோனி அயோமி இளைஞராக இருந்தபோது தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக்கில் விரல் தொப்பி செய்து போட்டுக்கொண்டு, மெல்லிய தந்தி கட்டி வாசித்தார். 1971 வாக்கில் சுருதியையே இறக்கிக் கட்டினார். அதே ஊரில் 1967-ல் தொடங்கிய லேனி கம்பெனியின் ஆம்ப்பில் அதைப் போட்டார். அதற்குப் பிறகு 80-களில் மார்ஷல் ஜேசிஎம் 800, 90-களின் தொடக்கத்தில் பீவி 5150, மெசா டூயல் ரெக்டிஃபையர் என்று பெரிய பெரிய ட்யூப் ஆம்ப்கள் வந்தன. உங்கள் பிள்ளை ஹெட்ஃபோனில் கேட்டு மயங்குவது பெரும்பாலும் இந்தப் பரம்பரையின் சத்தம்.

ஒன்றை வாங்குவதற்கு முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஆல்பத்தில் கேட்பது ஒரே கிடார் இல்லை. ஒரே பகுதியை இரண்டு தடவை, சில சமயம் நாலு தடவை வாசித்து இடமும் வலமுமாக வைத்திருப்பார்கள். அடியில் பேஸ் கிடார் கூடவே ஓடும். அந்தச் சுவர் மாதிரி சத்தம் எவ்வளவு விலை கொடுத்தாலும் தனியாக ஒரு ஆம்ப்பிலிருந்து வராது. இது தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். பெண்ணின் பிறந்தநாளுக்கு என் தம்பி ஆசையாக ஒரு செட் வாங்கி அனுப்பினான். கிடார், பை, ஒயர், கூடவே பத்து வாட்ஸ் ஆம்ப். அதில் டிஸ்டார்ஷன் பொத்தானை அழுத்தினால் பாட்டிலுக்குள் குளவி அடைத்த மாதிரி ஒரு சத்தம். அவள் மூன்று மாதம் வாசித்தாள். பிறகு மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். ஏன்மா என்று கேட்டதற்கு, "என் கைதான் சரியில்லப்பா. நான் வாசிச்சா அந்த மாதிரி வரவே இல்ல" என்றாள். கை நன்றாகத்தான் இருந்தது. நண்பர் ஒருவர் வீட்டில் ஒழுங்கான ஆம்ப்பில் அதே கிடாரைச் செருகி அதையே வாசித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மட்டமான ஆம்ப்பில் எனக்குப் பெரிய பயம் இதுதான். சத்தம் மோசமாக வந்தால் பிள்ளை பெட்டியைக் குறை சொல்லாது, தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீர்கள்

கடைக்காரர் முதலில் சொல்வது வாட்ஸ். பத்து வாட்ஸைவிட நூறு வாட்ஸ் பத்து மடங்கு சத்தம் என்று நாம் நினைப்போம். நம் காதுக்கு அது சுமார் இரண்டு மடங்காகத்தான் கேட்கும். ஐம்பதுக்கும் நூறுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். ஆக, படுக்கையறைக்கு ஐந்து வாட்ஸே தாராளம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. சாதாரணப் பேச்சே கிட்டத்தட்ட 60-ஐத் தொடும். வாடகை வீட்டில் இருக்கிற வெளியூர்க்காரர்கள் நாம். பிள்ளை ஆசைக்காக அசோசியேஷனோடு மல்லுக்கு நிற்க முடியாது. அதனால் எவ்வளவு சத்தமாகப் போகும் என்று கேட்காதீர்கள். "எவ்வளவு மெதுவாக வைத்தாலும் நல்லா கேட்குமா?" இதுதான் கடையில் கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்பீக்கர் எத்தனை அங்குலம்?

கிடாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். மெட்டல்காரர்கள் அதை இன்னும் இறக்கி 73-க்கோ அதற்குக் கீழேயோ கட்டுவார்கள். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி "தக் தக் தக்" என்று அடிப்பதுதான் மெட்டலின் உயிர். மூன்று நான்கு அங்குல ஸ்பீக்கரில் அந்த "தக்" பெரும்பாலும் "டிக்" ஆகிவிடும். முடிந்தவரை எட்டு அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். பன்னிரண்டு கிடைத்தால் அமோகம்.

என்னென்ன வகை இருக்கிறது?

முதல் வகை, சாதாரண ட்ரான்சிஸ்டர் ஆம்ப். விலை குறைவு, பழுது குறைவு. ட்ரான்சிஸ்டர் என்றாலே மெட்டலுக்கு ஆகாது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். பான்டேரா குழுவின் டைம்பேக் டாரல் பல வருடம் ராண்டால் ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில்தான் கலக்கினார். பிரச்சினை அடிமட்ட விலைப் பெட்டிகளில்தான். அவற்றில் டிஸ்டார்ஷனும் ஸ்பீக்கரும் ரொம்ப மட்டம். இந்த வகையில் எட்டு அங்குல ஸ்பீக்கரோடு வரும் ஆரஞ்ச் க்ரஷ் 20 எனக்குப் பிடித்தது.

இரண்டாவது, ட்யூப் ஆம்ப். இதுதான் ஒரிஜினல், மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆம்ப்பாக வேண்டாம். கனம், சூடு, விலை, அவ்வப்போது ட்யூப் மாற்றும் செலவு. பெரும்பாலானவை சத்தமாக வைத்தால்தான் சுகம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ட்ரான்ஸ்ஃபர் வாங்கி மூட்டை கட்டுகிற குடும்பத்துக்கு அது சரிப்படாது.

மூன்றாவது, மாடலிங் ஆம்ப். பெரிய ஆம்ப்களின் குணத்தை உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போட்டு உருவாக்கும். 1998-ல் லைன் 6 கம்பெனியின் பாட் வந்த பிறகு இது வீடுகளுக்குள் பரவியது. இன்றைக்குக் குறைந்த விலைக்கும், குறைந்த சத்தத்துக்கும், மெட்டலுக்கும் சேர்த்துப் பொருந்துவது இதுதான் என்பது என் கருத்து. பாஸ் கட்டானா 50-ல் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். ஐம்பது வாட்ஸை அரை வாட்ஸுக்கு இறக்க ஒரு திருகு இருக்கிறது. இரவில் அரை வாட்ஸ், நண்பர்களோடு ட்ரம்ஸ் சேர்த்து வாசிக்கும்போது ஐம்பது. பட்ஜெட் அவ்வளவு இல்லை என்றால் ஃபெண்டர் மஸ்டாங் எல்டி 25. இருபத்தைந்து வாட்ஸ், எட்டு அங்குலம். இன்னும் குறைவாக என்றால் பாஸ் கட்டானா மினி. நான்கு அங்குலம்தான், ஆறு பென்டார்ச் பேட்டரியில் ஓடும். அந்த அளவுக்கு அதன் கரகரப்பு ஆச்சரியம்.

நான்காவது, ஆம்ப்பே வாங்காமல் இருப்பது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார் :-) நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஒரு நல்ல லேப்டாப் இருக்கும். ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிக் கிடாரை அதில் செருகி, நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், விலை உயர்ந்த ஆம்ப்களின் சாயலை ஹெட்ஃபோனில் கேட்கலாம். ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைத் தரும் ஐஆர் கோப்பு ஒன்றையும் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் திரும்பவும் குளவிதான். கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஹெட்ஃபோன் விழுங்காது. அதனால்தான் அந்தக் கோப்பு தேவை. ஆம்ப் வாங்கும்போதும் இதையே சோதியுங்கள். ஹெட்ஃபோன் ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, அதில் சத்தம் எப்படி வருகிறது என்று கடையிலேயே மாட்டிக் கேளுங்கள்.

இந்த நாலாவது வழியில் ஒரு குறை. பிள்ளை லேப்டாப்பைத் திறந்தால் கிடார் மட்டும் வாசிக்கும் என்று நம்ப நாம் என்ன தெய்வப்பிறவியா? ஒரு பொத்தானைத் தட்டியதும் வாசிக்கலாம் என்று மூலையில் ஒரு பெட்டி இருப்பதற்கு மதிப்பு உண்டு. பத்து நிமிட இடைவெளியில்கூட எடுத்து வாசிப்பார்கள்.

காசைப் பங்கு போடும் கணக்கு ஒன்று சொல்கிறேன். மொத்தம் 20,000 என்றால் 15,000-க்குக் கிடாரும் 5,000-க்கு ஆம்ப்பும் வேண்டாம். பாதிக்குப் பாதி போடுங்கள். ஹம்பக்கர் பிக்கப் உள்ள எளிய கிடார், உருப்படியான ஆம்ப். மெட்டலில் சிங்கிள் காயில் பிக்கப்பைவிட ஹம்பக்கரில் இரைச்சல் மிகவும் குறைவு.

பழைய ஆம்ப்பையும் ஒதுக்காதீர்கள். புனே, பெங்களூரு மாதிரி ஊர்களில் படிப்பு முடிந்து வெளிநாடு போகிற பையன்கள் நல்ல சரக்கை விற்றுவிட்டுப் போவார்கள். எல்லாத் திருகையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், கரகரவென்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஒயர் செருகும் இடத்தை ஆட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள்.

கரண்ட் விஷயம்

"அமெரிக்காவிலிருந்து மச்சான் வர்றான், அவன்கிட்ட சொல்லிடலாம்" என்று ஒரு யோசனை எல்லா வீட்டிலும் வரும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்னால் 120 என்று மட்டும் போட்டிருக்கிற ஆம்ப்பை இங்கே நேரடியாகச் செருகினால் புகைதான். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும், வாரண்டியும் இங்கே சந்தேகம். அடாப்டரில் ஓடும் சின்ன ஆம்ப் என்றால் அடாப்டரில் 100-240 என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கவலை இல்லை.

இதைவிட முக்கியம் எர்த். கிடாரின் தந்திகள் ஒயர் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். வாடகை வீட்டு ப்ளக் பாயின்டில் மூன்று ஓட்டை இருந்தாலும் பின்னால் எர்த் ஒயர் இருக்கும் என்று நிச்சயம் இல்லை. நாங்கள் முன்பு இருந்த வீட்டில் தந்தியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து திறந்து பார்த்தால், எர்த் முனையில் ஒயரே இல்லை. இருநூறு முந்நூறு ரூபாய் ஆனாலும் முதல் வேலையாக அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரைச்சல் குறையட்டும் என்று ப்ளக்கின் பெரிய பின்னைப் பிடுங்கும் வித்தையை மட்டும் யாரும் செய்யாதீர்கள், உயிர் விஷயம். கரண்ட் போய் இன்வெர்டரில் ஓடும்போது ஆம்ப் கொர்ரென்றால் பயப்பட வேண்டாம். சைன் வேவ் அல்லாத இன்வெர்டர்களின் குணம் அது.

வாங்கியாச்சு, அப்புறம்?

பிள்ளைகள் செய்கிற முதல் வேலை கெய்னை முழுதாகத் திருகி, மிடில் என்ற திருகைப் பூஜ்யத்தில் வைப்பது. தனியாக அறையில் கேட்க அது பிரமாதமாக இருக்கும். இன்னொருவரோடு சேர்ந்து வாசித்தால் கிடார் காணாமல் போய்விடும், ஏனென்றால் கிடாரின் குரல் அந்த மிடிலில்தான் இருக்கிறது. கெய்ன் பாதியளவு, மிடில் பாதியளவு என்று தொடங்கச் சொல்லுங்கள். கெய்ன் குறைந்தால் கைத்தவறு தெரியும், கை சுத்தமாகும். ஆம்ப் சரியில்லை என்று அதன் முன்னால் ஒரு டிஸ்டார்ஷன் பெடலைச் சேர்ப்பதும் வேண்டாம். ஸ்பீக்கர் மட்டமாக இருந்தால் பெடல் அதை மாற்றாது.

இதெல்லாம் தேவையா என்பவர்களுக்கு

"ப்ளஸ் டூ வருது, இப்பப் போய் கிடாரா?" நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் தங்கமணியும் இதைத்தான் கேட்டார். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஃபோனைத் தடவுகிற வயசில், அரை மணி நேரம் மெட்ரோனோம் வைத்து ஒரே வரியை முப்பது தடவை வாசிப்பது கெட்ட பழக்கம் இல்லை. பொறுமை அதில்தான் வருகிறது.

"ஆறு மாசத்தில் மூலையில் போட்டுடுவா." போடலாம். மட்டமான பெட்டி என்றால் நிச்சயம் போடுவாள், அதை வாங்கவும் ஆள் இருக்காது. நல்ல பெயருள்ள ஆம்ப் என்றால் பாதி விலையாவது திரும்பி வரும்.

"இது என்ன நம்ம பாட்டா?" இதுதான் எனக்கு முக்கியம். அயர்ன் மெய்டன் 2007-ல் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தார்கள், மெட்டாலிகா 2011-ல் வந்தார்கள். கூட்டம் எங்கிருந்து வந்தது? மும்பையில் டெமோனிக் ரெசரெக்‌ஷன் 2000-லிருந்தே வாசித்துக்கொண்டிருந்தது. டெல்லியின் ப்ளடிவுட் 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் டோலை வைத்துக்கொண்டு மேடை ஏறியது. இது எப்போதோ இங்கே வந்து குடியேறிவிட்டது, நம்மை மாதிரியே :-)

என் பெண் பள்ளியில் ஆங்கிலம், தோழிகளோடு ஹிந்தி, லிஃப்டில் மராத்தி பேசுகிறாள். தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். இது எனக்கு உள்ளூர ஒரு குடைச்சல். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், ஏழு எண்ணிக்கையில் ஓடுகிற ஒரு மெட்டல் பகுதியைப் பழகிக்கொண்டிருந்தாள். "தகிட தகதிமி, தகிட தகதிமி" என்று சொல்லிச் சொல்லி. சின்ன வயசில் கொஞ்ச நாள் மாமி வகுப்பில் படித்த மிஸ்ர சாபு, அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது! நாம் கொடுத்தது எங்கே போய் முளைக்கும் என்று நமக்குத் தெரியாது. ஃபோனில் கேட்ட ஆச்சி, "ஏட்டி, மில்லுல மாவு அரைக்க மாதிரில்லா இருக்கு" என்றார். ஆனாலும் முழுசாகக் கேட்டார். கோயில் கொடையில் விடிய விடிய மேளம் கேட்ட காது அது, இதற்கெல்லாம் அசருமா?

வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்குத் தாத்தா வீட்டுத் திண்ணை இல்லை, தெரு நிறைய சொந்தக்காரப் பசங்க இல்லை. வருடா வருடம் வீடும் பள்ளியும் தோழர்களும் மாறுகிறார்கள். தனக்கென்று ஒன்றை அவர்களாகத் தேர்ந்தெடுத்து வந்து கேட்கும்போது, அது நமக்குப் பிடிக்காத சத்தமாக இருந்தாலும், வாங்கித் தருவதை ஒழுங்காக வாங்கித் தரலாம். பெரிசாக வேண்டாம், பிள்ளை தன் கையை நம்புகிற அளவுக்கு நல்லதாக இருந்தால் போதும். கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அதன் கிடாரையும் கூடவே கூட்டிப் போங்கள். அவர்கள் வாசிக்கட்டும், நீங்கள் வோல்டேஜைப் பாருங்கள்.

டிஸ்கி: மேலே சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்குக் கமிஷன் தரவில்லை. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து வாங்கவும். வாங்குகிற அன்றே ஒரு ஹெட்ஃபோனும் சேர்த்து வாங்கிவிடுங்கள், ராத்திரி உங்களுக்கும் தூக்கம் வேண்டுமே.